கழலாத வளையல்

சித்தி கராத்தே படிக்கப் போன காலம் முழுக்க அவளுக்குக் காவல் நான்தான். தொடங்கும்போது எனக்கு எட்டு வயது. யாராவது லேசாகத் தள்ளினால் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுகிற ரகம். சித்தியோ, அப்படித் தள்ளுகிறவனை எந்தப் பக்கம் புரட்டிப் போடுவது என்று முறையாகக் கற்றுக்கொண்டிருந்தவள். ஆனாலும் அப்பா முடிவு செய்துவிட்டார். பெண்பிள்ளை தனியாக பஸ் ஏறி அமரவிளைக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் தனியாகத் திரும்பி வரக் கூடாது. துணைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இந்த ஏற்பாட்டில் இருந்த வேடிக்கை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நான் ரொம்பப் பொறுப்போடு காவலுக்குப் போனேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுடைய பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், தனுவச்சபுரத்திலிருந்து உள்ளே தள்ளி ரப்பர் தோட்டத்தின் ஓரமாக இருந்த எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பக்கத்து டியூட்டோரியலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் தமிழ், டியூட்டோரியலில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஆனால் கோபம் அபூர்வம். அக்காள் புருஷன் வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவளை விட்டு அகன்றதே இல்லை. சாப்பிடக் கடைசியாக உட்காருவாள். மீன்குழம்பில் வால்துண்டைத் தேடி எடுத்துக்கொள்வாள். தனக்கு வால்தான் பிடிக்கும் என்று சொல்லுவாள், நாங்களும் நம்பினோம். தனக்கென்று வாய் திறந்து அவள் கேட்டது இந்தக் கராத்தே ஒன்றைத்தான். அதனால்தான் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போயிருக்க வேண்டும்.

பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று பஞ்சாயத்திலிருந்து அறிவித்ததில் தொடங்கியது அது. அமரவிளையில் ஒரு வாசகசாலையின் மாடி. முதல் நாள் நிற்க இடமில்லை. இரண்டு மாதத்தில் பாதிப் பேருக்குக் கால்வலி, மீதிப் பேருக்கு மாமியார். கடைசியில் நின்றது சித்தியும் இன்னும் சில கல்லூரிப் பெண்களும், காவல்காரியான நானும். ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை, சும்மா இருப்பதற்கு நீயும் வந்து நில் என்று மாஸ்டர் வரிசையில் சேர்த்துவிட்டார். மாஸ்டர் பகலில் பஸ் டிப்போவில் மெக்கானிக். விரல் இடுக்குகளில் கிரீஸ் கறுப்போடுதான் வந்து எங்களுக்கு ஜப்பான் மொழியில் ஒன்று இரண்டு எண்ணுவார்.

எனக்கு முதல் பாடம் சொன்னவள் சித்திதான். பெருவிரலைப் பற்றி. கையை விரித்து வெட்டும்போது புதிதாக வருகிற எல்லாருக்கும் பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே எதிலாவது இடித்தால் முறிந்துபோகும். "பெருவிரலை உள்ள மடக்கு மக்கா, அது வெளிய நிக்கப்பிடாது" என்று சித்தி என் விரலைப் பிடித்து உள்ளங்கைக்குள் அமுக்கி விடுவாள். அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சோறு உண்ணும்போதுகூட நான் பெருவிரலை மடக்கிக்கொள்ள, அம்மாவிடம் அடி வாங்கினேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அடுத்த நிறத்துக்குப் போனால் பழைய பெல்ட்டைத் தனக்குப் பின்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படி சித்தி அவிழ்த்தது எல்லாம் எனக்கு வந்தது. மஞ்சள் வந்தது, பிறகு பச்சை வந்தது. இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதில் அவள் தலைக்குத் தேய்க்கிற காய்ச்சின எண்ணெயின் வாசனை இருக்கும். பரீட்சை எழுதுவது என் கடமை, பெல்ட் வருவது சித்தியின் இடுப்பிலிருந்து என்றே நான் நினைத்திருந்தேன். அவள் பிரவுன் பெல்ட் கட்டிய அன்றே அந்தப் பிரவுன் எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பின்னால் வருகிற கறுப்பும் என்றாவது ஒருநாள் எனக்கு வரும். அவள் முதலில் வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. சித்திக்கு உதை நன்றாக வரும், அசைவுகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் வரும். ஆளோடு ஆள் மோதும்போதுதான் சங்கடம். அடித்துவிட்டு உடனே "ஸாரி" சொல்லுவாள். அது அவளை அறியாமலேயே வரும். பஸ்ஸில் கால் மிதிபட்டால்கூட மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறவள் அவள். "டீச்சரே, இடிச்சிட்டு ஸாரி பறயருது", குத்திவிட்டு மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். அதற்கும் ஸாரி சொல்லுவாள். முதல் முறை கறுப்பு பெல்ட் பரீட்சைக்குப் போனபோது, எதிரே நின்ற பெண்ணின் வயிற்றில் ஒரு குத்து சரியாக விழுந்துவிட்டது. அவள் குனிந்ததும் சித்தி ஓடிப்போய்த் தோளைப் பிடித்து வலிக்கிறதா என்று கேட்டாள். நிமிர்ந்தவள் திருப்பிக் கொடுத்தாள். அந்த வருஷம் தோல்வி.

மறுநாள் காலை சித்தி தோட்டத்தில் ஒரு ரப்பர் மரத்தில் கயிறு சுற்றி அதை முஷ்டியால் குத்தத் தொடங்கினாள். மரத்திடம் ஸாரி கேட்க வேண்டியதில்லை அல்லவா. நான் பக்கத்தில் நின்று ஜப்பான் எண்ணிக்கை சொல்லுவேன். பால் வெட்ட வருகிற பெரியவர் அந்த மரத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "இது இனி பால் தராது கொச்சே. அடிவாங்கின பசுவாக்கும்" என்று வருத்தப்பட்டார். சித்தியின் விரல் முட்டிகள் முதலில் சிவந்தன, பிறகு தோலுரிந்தன, பிறகு அந்த இடமெல்லாம் கட்டிதட்டிப் புடைத்துக்கொண்டது. கராத்தே தொடங்கிய நாளிலிருந்து அவள் வளையல் போடுவதை விட்டிருந்ததால், கை பெருத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த அடிகளுக்கெல்லாம் மருந்து வாங்குகிற கடை வாசகசாலைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. கடையில் இருந்தவர் மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர், அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கு பேண்டேஜ் மாமன் என்று பெயர் வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் சித்தி அங்கே போவாள். முட்டி உரிந்த நாளில் போனாள், சரி. உரியாத நாளிலும் போனாள். வீட்டில் பிரிக்காத பேண்டேஜ் சுருள்கள் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கிடந்தன. கறுப்பு பெல்ட் வாங்க இத்தனை அடிபட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே வாங்கி வைக்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். கடைக்கு வெளியே எடை பார்க்கிற இயந்திரம் ஒன்று நின்றது. அவர்கள் பேண்டேஜ் விஷயம் பேசி முடிக்கும்வரை நான் அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பேன். சில நாட்களில் எங்கள் பஸ் வந்து நின்று போய்விடும். சித்தி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதை அலுப்பாகவே நினைக்கவில்லை. காவல்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் யாராவது கேட்டிருந்தால் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில், மழை வலுத்திருந்த சமயம், சித்திக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. அதற்கு முன்னால் வந்த ஆலோசனைகளுக்கெல்லாம் அவள் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டிருந்தாள். அம்மாவுக்கு அது பெரிய கவலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊர் பேசும் என்று இராத்திரியெல்லாம் அப்பாவிடம் முணுமுணுப்பாள். இந்த முறை சித்தி மாட்டேன் என்று சொல்லவில்லை. அத்தான் பார்த்துச் செய்தால் சரி என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று.

பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளை யாரென்று பார்த்தால் என் பேண்டேஜ் மாமன். எனக்கு ஒரே சந்தோஷம். "இது நம்ம பேண்..." என்று நான் தொடங்குவதற்குள் அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கராத்தே விஷயம் தெரியக் கூடாது என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் சகுனம் பார்க்கிறவர், கறாரானவர். டியூட்டோரியலில் வேலை பார்க்கிற பெண் என்பதே அவருக்கு முழுச் சம்மதம் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மாடிக்கு எதிரே கடை வைத்திருப்பவர், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. பலகாரத் தட்டோடு வந்த சித்தியை முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். ரொம்ப நல்ல நடிப்பு என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கர்க்கடகம், அதாவது ஆடி, பிறந்துவிட்டால் நல்ல காரியம் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் உறுதி பண்ணிவிட வேண்டும், கல்யாணம் ஆவணியில் என்று பேச்சாயிற்று. எங்கள் பக்கத்தில் உறுதி பண்ணுவது என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் கையில் ஒரு பொன்வளையல் இட்டுவிட்டுப் போவார்கள். வளையிடல் என்று அதற்குப் பெயர். அந்த நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரையில் கறுப்பு பெல்ட் பரீட்சை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியூரிலிருந்து பெரிய மாஸ்டர் வந்து நடத்துவார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டிலிருந்து கராத்தேக்குப் போவதெல்லாம் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று சித்தி அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "அத்தான், ஒரு ஞாயிறு மட்டும். அது கழிஞ்சா நான் பின்னே ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "குழந்தையைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

வளையலுக்கு அளவு கேட்டு ஆள் விட்டிருந்தார்கள். அம்மா அலமாரியைக் குடைந்து, சித்தி கல்லூரிக்குப் போன காலத்தில் போட்டிருந்த கவரிங் வளையல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்த அளவுக்கே செய்துகொண்டு வந்தார்கள். வளையிடல் அன்று கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் வலது கையைப் பிடித்து வளையலை இட்டார். அது விரல்களைத் தாண்டி முட்டிகளின் மேல் போய் நின்றுகொண்டது. அழுத்தினார், போகவில்லை. அம்மா ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. வளை ஏறாமல் போனால் அதைவிடக் கெட்ட சகுனம் என்ன இருக்கிறது. அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையைத் திருப்பி முட்டிகளைத் தடவிப் பார்த்தார். கட்டிதட்டிய தோல், காய்ப்பு, பழைய தழும்பு. "இது வேலை செய்து உரம் வச்ச கையாக்கும்" என்றார் அவர், பின்னால் இருந்த பெண்களிடம் திரும்பி. "இப்பத்த பிள்ளையளுக்கு எங்க இப்படி உண்டு?" அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். மாவு அரைப்பதும் தேங்காய் உரிப்பதும் எல்லாம் இவள்தான் என்று அளந்துவிட்டாள். எங்கள் வீட்டில் கிரைண்டர் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. முதல்முறையாக அந்த அம்மாளுக்கு சித்தியைப் பிடித்துப்போனது, அவள் குத்திய குத்துகளால்தான்.

பிறகு சித்தி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பெருவிரலை உள்ளங்கைக்குள் நன்றாக மடக்கி, கையைக் குறுக்கிக் கொடுத்தாள். வளையல் ஒரே இழுப்பில் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் குரவையிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வளையலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தாலிகெட்டு கழியாம இது கையை விட்டு இறங்கப்பிடாது, கேட்டியா மக்கா" என்றார். மூத்த மகனுக்குப் பேசி உறுதி பண்ணியிருந்த பெண் குளிக்கும்போது வளையைக் கழற்றி வைத்தாளாம், அந்தச் சம்பந்தமே அதோடு முறிந்துபோயிற்றாம். சித்தி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பரீட்சை. முழுக்கைச் சட்டைக்குள் வளையல் மறைந்துதான் இருந்தது. ஆனால் கையை நீட்டி வணங்கும்போது பெரிய மாஸ்டரின் கண்ணில் பட்டுவிட்டது. "வள ஊரணும்" என்றார், கழற்ற வேண்டும் என்று. மோதும்போது எதிராளியின் முகத்தைக் கிழித்துவிடும் என்பதால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. எங்கள் மாஸ்டர் துணி சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார். பேர் கூப்பிடுவதற்குள் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

மண்டபத்தின் பின்னால் கைகழுவுகிற குழாய்கள் வரிசையாக இருந்தன. அங்கே கிடந்த சோப்பைக் குழைத்து சித்தி கையெல்லாம் பூசிக்கொண்டாள். இடதுகையால் வளையலைப் பிடித்து இழுத்தாள். அது முட்டிவரை வந்து நின்றது. திரும்ப இழுத்தாள், திரும்ப நின்றது. கை சிவந்துகொண்டே வந்தது. பொறுக்க முடியாமல் நானும் சேர்ந்து இழுத்தேன். நுரையில் என் கைதான் வழுக்கியது. அவளுடைய பெருவிரல் வெளியே விறைத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலியில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் அழுகையில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. மாஸ்டர் வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு தட்டான் கடை உண்டு, வெட்டி எடுத்துவிடலாம் டீச்சர், பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்றார். "வெட்டப்பிடாது மாஸ்டர்" என்றாள் சித்தி. ஸாரி சொல்லவில்லை. உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகு வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்.

சித்தி குழாயைத் திறந்து சோப்பு நுரையைக் கழுவினாள். அங்கேயே தன் இடுப்பிலிருந்து பிரவுன் பெல்ட்டை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தாள். இப்படி ஒரு பிரவுன் பெல்ட் எனக்கு வேண்டாம் என்று அதைத் தரையில் எறிந்தேன். அவள் குனிந்து எடுத்து, ஈரத்தை உதறி, என் பைக்குள் வைத்தாள்.

அமரவிளையில் இறங்கி பஸ் மாறவேண்டும். மருந்துக்கடை திறந்திருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் வீட்டு வளையல்தானே எல்லாவற்றையும் கெடுத்தது. எடை இயந்திரத்தில் ஏறாமல், மழைக்குக் கடையின் கூரை ஓரத்தில் ஒதுங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது உள்ளே சித்தி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, வளையலை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, வீங்கின கையில் ஏதோ களிம்பு தடவினார். மெதுவாக ஏதோ கேட்டார். சித்தி இல்லை என்று தலையசைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையே விழாத இடத்தில் கண்ணாடி எப்படி நனைந்தது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவர் பேண்டேஜ் சுற்றவும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அப்பாவின் சட்டம் என் பக்கம் திரும்பியது. பெண்பிள்ளை தனியாக பஸ் ஏறி அமரவிளைக்குப் போகக் கூடாது. எனக்குத் துணை வேண்டும், துணைக்கு ஆளில்லை. சித்தி அங்கேதான் இருந்தாள், வாசகசாலைக்கு எதிர்ப்புறமே. ஆனால் அவளிடம் போய்ச் சேரும்வரைக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. தோட்டத்தில் அந்த ரப்பர் மரத்தில் கயிறு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய் அதன் முன்னால் நிற்பேன். எண்ணிக்கை சொல்ல நான் இருந்தேன், குத்த ஆளில்லை. மாலை பஸ்ஸின் ஹாரன் கேட்டால் காலில் தானாக ஒரு பரபரப்பு வரும். சித்தி வீட்டில் இல்லாததைவிட, அவள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற அந்த நேரம் இல்லாமல் போனதற்குத்தான் அதிகம் ஏங்கினேன். அந்தக் குறை இன்றுவரை தீரவில்லை. எத்தனையோ பஸ்களில் போய்விட்டேன்.

கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது யாரிடமும் கேட்காமல் மறுபடியும் வகுப்பில் சேர்ந்தேன். பிரவுன் பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது எண்ணெய் வாசனை போய்விட்டிருந்தது. சில வருஷங்கள் பிடித்தன. என் முட்டிகளும் உரிந்தன, புடைத்தன. ஒருவழியாகக் கறுப்பு பெல்ட் என் இடுப்புக்கு வந்தது, புத்தம் புதியதாக, கடையின் மணத்தோடு. எனக்கு முன்னால் யாரும் கட்டியிராத முதல் பெல்ட் அது. நேராக அமரவிளைக்குப் போனேன்.

சித்தி கடையில் சித்தப்பாவோடு நின்று மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். பெல்ட்டைப் பார்த்ததும் என்னைக் கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். என் கையைப் பிடித்து முட்டிகளைத் தடவினாள். பிறகு தன் வலதுகையைப் பார்த்தாள். அதே வளையல். ஒருநாளும் மாற்றிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். இடதுகையால் ஒரே இழுப்பு. எண்ணெயும் இல்லை, சோப்பும் இல்லை. வளையல் வந்துவிட்டது. "நீ கையை நீட்டு, பெருவிரலை மடக்கு மக்கா" என்றாள்.

நான் நீட்டவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பார்வை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னைக்கும் கழண்டிருக்கும்" என்றாள் சித்தி.

நான் கேட்காமலேயே சொன்னாள். அந்த வளையைக் கழற்றினால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல அவருடைய அம்மாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆவணியில் கல்யாணத்துக்கு வரவேண்டிய எத்தனையோ பேருக்குத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் நின்றிருந்தார்கள். கழற்றினால் வெளியே தெரியும், கழலவில்லை என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. முன்கடையில் இருமல் மருந்து தேடிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பக்கம் ஒருதடவை பார்த்தாள். "இவியள விட்டுட்டு எனக்குப் பின்னே என்ன உண்டு? ஆனா கொதியும் ஆசையும் ரெண்டுக்கும் இருந்துது மக்கா. அது பொய்யில்ல" என்றாள். என் பெல்ட்டை வாங்கி, கையால் நீவி, என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். முடிச்சு ஒரே தடவையில் சரியாக விழுந்தது.

பேண்டேஜ் நிறைந்த அந்த வாளி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஏறாமல் போக விட்ட பஸ்களும், தலையைக் குனிந்து சொன்ன சம்மதமும், ஈரமான கண்ணாடியும் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் வீட்டில் எல்லாரும் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எப்போதும் வால்துண்டை எடுத்துக்கொண்ட சித்தி ஒரே ஒரு முறை தனக்குப் பிடித்த துண்டை எடுத்துக்கொண்டாள். அதற்காக இன்னொன்றை அந்தக் குழாயடியில் தன் கையாலேயே விட்டுவிட்டாள். இரண்டும் ஒரே நிமிஷத்தில், என் கண் முன்னால் நடந்தன.

பரீட்சை நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையிலிருந்து கிளம்பி தனுவச்சபுரம் பஸ்ஸில் ஏறினோம். மழைக்கு ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்ததால் பஸ்ஸுக்குள் இருட்டாக இருந்தது. நான் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தேன். "கரையாதே மக்கா" என்று சித்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய வலதுகை பேண்டேஜோடு மடியில் கிடந்தது. இடதுகையால் வளையலை இறுகப் பிடித்திருந்தாள், வழியெல்லாம் விடவே இல்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "வலிக்குதா சித்தி?" என்று கேட்டேன்.

"நல்லா வலிக்குது மக்கா" என்றாள்.

கையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அதை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.